ராகு காலத்தில் ரக்பி

1

என் வாழ்நாளில் ரக்பிப் பந்தை ஒரே ஒரு முறைதான் உதைத்திருக்கிறேன். அது மலேசிய தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்தன்று, தைப்பிங் திடலின் நட்ட நடுவில். நாற்பத்தாறு வயது, தொப்பை, கழுத்தில் டை, காலில் அலுவலகத்துத் தோல் காலணி. பந்து நாலு முழம் போயிருக்கும். நான் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே போனேன், மல்லாந்தபடி.

யாரும் என்னை உதைக்கச் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கவும் இல்லை. நான் மாநில ரக்பிக் குழுவின் கௌரவச் செயலாளர். சுற்றறிக்கை தட்டச்சு செய்வதும், இடைவேளைக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்க ஆள் பிடிப்பதும்தான் என் பொறுப்பு. அந்த ஒற்றை உதைக்குக் காரணம் ராகு காலம். இதைப் படிக்கும் பழைய நண்பர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.

அவர்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குக் கிளம்பும் பேருந்து காலியாகத்தான் போகும். பகுத்தறிவுக் கொள்கைக்காக நான் அதில்தான் ஏறுவேன். கொள்கையைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, சன்னலோர இருக்கை கிடைத்த மாதிரியும் ஆயிற்று. படிப்பகத்தில் பஞ்சாங்கத்தை எதிர்த்து நான் பேசிய பேச்சுக்கு இரண்டு முறை கை தட்டினார்கள், ஒரு முறை செருப்பு வந்தது.

ஈப்போவுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மகள் மீனா, “இத்தனை வருஷத்துல இங்க என்னப்பா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சூரியன் எந்த ஊரில் எத்தனை மணிக்கு மறைகிறது என்பது. அதையும் இந்த ஆண்டுதான் கற்றேன்.

2

எனக்கும் ரக்பிக்கும் சம்பந்தம் ஏற்பட்டது குடியுரிமை நேர்காணலில்.

எழுபதுகளின் நடுவில் என் கையில் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. இருக்கலாம், ஆனால் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது அந்த நிறத்தின் பொருள். நீல அட்டைக்கு மலாய் மொழியில் நேர்காணல் உண்டு. நான் மலாயைப் புத்தகம் வைத்துப் படித்திருந்தேன். அரசர்களின் வரலாற்றைத் தடுமாறாமல் சொல்வேன். சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்கத்தான் தெரியாது.

அதிகாரி வரலாற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றார். வாசிப்பேன் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த அந்த மலாய்ச் சொல் என் நாக்கிலிருந்து இறங்கிப் போய்விட்டது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு புகைப்படம். சேறு பூசிய பதினைந்து ஆண்கள், நடுவில் ஒரு பந்து. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து, “ரக்பி” என்றேன்.

அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று கேட்டார். “பின்னால்” என்றேன். எவ்வளவு பின்னால் என்றார். “மிகவும் பின்னால்.”

அவர்தான் என்சே ரசாலி; ‘என்சே’ என்றால் மலாயில் ‘திரு’. மாநில அணியின் பயிற்சியாளர். வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தார்.

“செட்டியாரே, நீ பொய் சொல்றேன்னு உன் வயித்தைப் பாத்தப்பவே தெரியும்லா. டைப்படிக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை திடலுக்கு வா.”

ரசாலி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டியவரின் மகன். தோட்டத்து லய வீட்டு வரிசைகளில் தமிழ்ப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவர். அவருடைய தமிழில் எல்லாம் உண்டு, வாக்கியக் கடைசியில் இந்த ஊர் ‘லா’கூட உண்டு, ‘நீங்கள்’ மட்டும் கிடையாது. முதன்முறை என் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வள்ளியைப் பார்த்து, “நீ வெச்ச குழம்பு நல்லா இருக்கு, இன்னும் ஊத்து” என்றார். வள்ளி திகைத்துப் போய் ஊற்றினாள். அவர் போன பிறகு, “எங்க அண்ணன்கூட இவ்வளவு உரிமையாப் பேசினதில்லங்க” என்றாள்.

நீல அட்டை எல்லோருக்கும் வருகிற வழியில், எல்லோருக்கும் ஆகிற தாமதத்தோடு வந்தது. ரக்பி அந்த வார ஞாயிறே வந்துவிட்டது.

3

ரக்பி என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பந்து முற்றாத பப்பாளிக்காய் மாதிரி இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரியின் கோட்டைத் தாண்டி ஓடித் தரையில் அமுக்க வேண்டும். முன்னால் ஓடலாம், ஆனால் பந்தைப் பின்னால் வருகிறவனிடம்தான் வீச வேண்டும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

நான் வந்த புதிதில் மாநில அணியில் பாதிப் பேர் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள். தோட்டங்கள் கைமாறின, துரைகள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தை ராணுவத்தாரும் போலீஸ்காரர்களும் விடுதிப் பள்ளியில் படித்து வந்தவர்களும் நிரப்பினார்கள். தேசிய அணிக்கும் அதே கதை. திடீரென்று முழுக்க நம்முடையதாகிவிட்டது, ஆனால் இன்னும் ஆடத்தான் வரவில்லை. வெளிநாடு போய் உதை வாங்கித் திரும்பும்போதெல்லாம் பத்திரிகைகள் ‘நல்ல அனுபவம்’ என்று எழுதின. அனுபவத்தை வைக்க இடமில்லாமல் போன பிறகு, கோலாலம்பூரில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு மாநிலமாகப் போய்ப் புது ஆட்களைத் தேடுவது, அவர்களை ஒரே முகாமில் வைத்துப் பழக்கி, அடுத்த ஆசியப் போட்டிக்குக் கொண்டுபோவது.

எங்கள் மாநிலத்தில் தேட வேண்டிய ஆள் யாரென்று எனக்குத் தெரியும். வீரையா.

வீரையா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தை விற்றுத் துண்டு போட்ட பிறகு சிம்பாங் பூலாய்ப் பக்கம் குடிவந்து, மின்கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்தான். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டோரம் ஓடுகிற இடம் அவனுக்கு. ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். ஒரே ஒரு கோளாறு. ரப்பர் மரங்களின் வரிசைக்கு நடுவில் ஓடிப் பழகியவன், வெட்டவெளியிலும் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் ஓடுவான். திரும்ப நேர்ந்தால் செங்கோணத்தில் திரும்புவான்.

“டேய், மரம் எங்கடா இருக்கு? எல்லாத்தையும் வெட்டியாச்சுலா!” என்று ரசாலி ஓரத்திலிருந்து கத்துவார்.

“மனசுல இருக்கு என்சே!”

எதிரிகளுக்கும் அந்தச் செங்கோணம் பிடிபடவில்லை. அதனால் ரசாலி அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

இன்னொரு கோளாறும் இருந்தது. அதை வீரையாவே சொன்னான். வாரத்துக்கு இரண்டு முறை அவனைப் பயிற்சிக்கு என் பழைய காரில் நான்தான் ஏற்றிப்போவேன்.

“சின்னப் புள்ளையில தோட்டத்துல பந்து ஆடுறப்போ தொரை வந்து நின்னா எனக்குக் கை கால் ஓடாதுண்ணே. அப்படியே நின்னுருவேன். கங்காணி திட்டுவாரு. இப்பவும் பெரிய ஆளுங்க பாக்குறாங்கன்னு தெரிஞ்சா கை வழுக்குது.”

“தேர்வாளர்களும் மனிதர்கள்தானே வீரையா.”

“தொரையும் மனுசன்தாண்ணே.”

பிறகு, “இந்தத் தடவ இல்லன்னா எனக்கு இல்லண்ணே. அடுத்தவாட்டி ஆள் தேட வர்றப்போ என் முட்டி ஓய்வு வாங்கிரும்” என்றான். “எங்க தோட்டம் இப்போ எங்கயும் இல்ல. பேருகூட மாத்திட்டாங்க. சனங்க பாகான் செராய், தைப்பிங், ஈப்போன்னு செதறிப் போச்சு. என் பேரு பேப்பர்ல வந்தா அந்தத் தோட்டத்துப் பையன்னு போடுவாங்கல்ல?”

போடுவார்கள் என்றேன். அன்றிலிருந்து அவன் தேர்வானால்தான் எனக்கும் தூக்கம் என்றாகிவிட்டது. அந்தக் கூட்டத்திலேயே தமிழர்கள் நாங்கள் இருவர்தான், அதில் ஒருவரால் ஓட முடியாது.

4

தேர்வு ஆட்டம் மார்ச் மாத ஞாயிறு ஒன்றில், தைப்பிங்கில் என்று தீர்மானமாயிற்று. வழக்கமான நேரம் மாலை ஐந்து. சுற்றறிக்கையைத் தட்டச்சில் ஏற்றிவிட்டு, தேதியைச் சரிபார்க்கச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். காரைக்குடி மளிகைக் கடை ஒன்று ஆண்டுதோறும் உறவினர் மூலம் அனுப்பும் நாட்காட்டி. ஞாயிறு, ராகு காலம்: நாலரை முதல் ஆறு.

என் விரல்கள் நின்றுவிட்டன.

நான் நம்பவில்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஞாயிறு ஐந்து மணிக்கு ஆடியிருக்கிறோம், இத்தனை ஆண்டுகளாகத் தோற்றும் இருக்கிறோம் என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. எனக்கு வருகிற ஆபத்தை எதிர்க்கக் கொள்கை போதும். வீரையாவுக்கு வருகிற ஆபத்தில் என் கொள்கையைப் பரிசோதிக்க எனக்கு உரிமை இல்லை என்று எனக்கு நானே நாகரிகமாகச் சொல்லிக்கொண்டேன்.

மீனா பக்கத்தில் அமர்ந்து மலாயில் இருந்த புவியியல் பாடத்தை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“ராகு காலம்னா என்னப்பா?”

சொன்னேன். பாம்பு, சூரியன், எல்லாம்.

“அப்போ எதிர்த்து ஆடுற டீமுக்கும் அதே பாம்புதானே?”

“நீ படி” என்றேன்.

இந்த ஆண்டு பிறந்தபோது அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் அரை மணி முன்னுக்குத் தள்ளிவைத்தது தெரிந்திருக்கும். கடல் தாண்டியுள்ள கிழக்குப் பகுதியும் நாங்களும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட வேண்டுமாம். அதன் பலனாக இப்போது மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கிறது. எனக்கு வழி கிடைத்துவிட்டது. ஆட்டத்தை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு மாற்றினேன். ‘புதிய நேர மாற்றத்தின் பயனை முழுமையாக ஈட்டும் பொருட்டும், ஆட்டக்காரர்களை வெயிலினின்று காக்கும் பொருட்டும்’ என்று காரணம் எழுதினேன்.

கோலாலம்பூரிலிருந்து பாராட்டி எழுதினார்கள். அறிவியல் பார்வை கொண்ட செயலாளர் என்று. ரசாலி மட்டும் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தைப்பிங்ல சாயந்தரம் மழை வரும், தெரியும்ல?” என்றார். மழைக்கு நாட்காட்டியில் நேரம் போட்டிருக்கவில்லை.

5

அன்று தைப்பிங்கில் அதிசயமாக வெயில் அடித்தது. ஐந்தரை மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வீரையாவின் பழைய தோட்டத்துச் சனம் ஒரு லோரி நிறைய வந்து இறங்கியது, சோற்றுப் பாத்திரங்களோடு. பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கிறார்கள். திடலைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்து, யார் செத்தார்கள், யாருக்குப் பேரன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர்கள் மூவர், வெள்ளைச் சட்டை, குடை, வரிசையாக நாற்காலிகளில். அவர்களைப் பார்த்ததுமே வீரையா பயிற்சிப் பந்தைத் தவறவிட்டான். குனிந்து எடுத்து, மறுபடி தவறவிட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. திடலுக்கு எதிரே இருந்த தமிழர் ஒட்டுக்கடையில் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், குடிக்கப் போனேன். கடைக்காரரின் தலைக்கு மேல் ஒரு நாட்காட்டி தொங்கியது. இங்கேயே, பினாங்கில் அச்சானது. கண் தானாகப் போயிற்று. ஞாயிறு, ராகு காலம்: ஆறு முதல் ஏழரை.

“அண்ணே, இது தப்பாப் போட்டிருக்கே” என்றேன்.

கடைக்காரர் பாலை ஆற்றியபடி, “எது தப்பு?” என்றார்.

“ஞாயிறு நாலரையிலேருந்து ஆறுதானே?”

“அது ஊர்ல. ராகு காலம் பொழுது விடியிறத வெச்சுத்தானே? இங்க ஏழு மணி தாண்டித்தான் விடியுது. பொழுது எறங்க ஏழரை ஆவுது. கடைசி ஒன்றரை மணி நேரம் ராகு. சர்க்கார் கடியாரத்தத் தள்ளலாம், சூரியனத் தள்ள முடியுமாலா?”

கோப்பையைக் கீழே வைத்தேன். வெறும் கணக்குப் பிழை என்றால் பரவாயில்லை. ஐந்து மணிக்கே தொடங்கியிருந்தால் பெரும்பாதி ஆட்டம் நல்ல நேரத்தில் முடிந்திருக்கும். நான் முயன்று, சுற்றறிக்கை போட்டு, பாராட்டும் வாங்கி, முதல் ஊதலிலிருந்து கடைசி ஊதல் வரை ஆட்டத்தை ராகுவின் வாய்க்குள் அளவெடுத்துப் பொருத்தியிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் உறைத்தது. பதினெட்டு ஆண்டுகளாக, வீடு குடிபுகுந்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, எல்லாம் வள்ளியின் ஆறுதலுக்காக நேரம் பார்த்துத்தான் செய்திருக்கிறோம். அத்தனையும் தேவகோட்டைச் சூரியனின் நேரம். அந்தச் சூரியன் இங்கே ஒரு நாளும் உதிக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அப்போதுதான் பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையை மட்டும் நல்ல நேரத்தில் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். கணக்கில் பயணம் தொடங்கியாயிற்று. பிறகு ஆள் எந்த நேரத்திலும் கிளம்பலாம். நான் கப்பலேறுவதற்கு இரண்டு நாள் முன்பு என் அப்பா என் தகரப் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். ராகுவை ஏமாற்ற இவ்வளவு எளிய வழி இருந்தால் அது என்ன கிரகம் என்று அன்று அவரிடம் வாதாடினேன்.

சாலையைக் குறுக்கே கடந்து ஓடினேன். ரசாலியின் காலடியில் கிடந்த ஆட்டப் பந்தை எடுத்துக்கொண்டு நடுத்திடலுக்குப் போய், வைத்து, உதைத்தேன். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வீரையாதான் ஓடிவந்து தூக்கிவிட்டான்.

“என்னண்ணே, மயக்கமா?”

“ஆட்டம் தொடங்கிவிட்டது. நீ கவலைப்படாதே” என்றேன்.

அவன் கவலையோடு ரசாலியைப் பார்த்தான். லோரிச் சனத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அந்த டை போட்ட அண்ணனையும் டீம்ல சேத்துக்குங்கலா!”

நடுவர் ஊதலை வாயில் வைத்தபோது வானம் கறுத்தது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் தைப்பிங் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. தேர்வாளர்கள் குடையை விரித்தார்கள், மடக்கினார்கள், எழுந்து பக்கத்துக் கட்டடத்துக்குள் போனார்கள். சன்னல் வழியாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

வீரையாவின் ஆட்டத்தை விவரிக்கப் போவதில்லை. அவனிடம் வந்த பந்தெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி எகிறிப் போயிற்று. ஒரு முறை கோடு வரை வெறும் திடல், ஒரு ஆள் குறுக்கே இல்லை. நேராக ஓடினான், எதற்கோ செங்கோணத்தில் திரும்பினான், திடலை விட்டே வெளியே போய்விட்டான். லோரிச் சனம் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. “வீரையா, பந்துல எண்ணெய் தடவியிருக்காடா?” என்று ஒருவர் கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் அவனைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

திரும்பும்போதும் வீரையாவை நான்தான் காரில் ஏற்றிவந்தேன். சிம்பாங் பூலாயில் இறங்கும்போது, “சனங்க வந்திருக்க வேணாம்ணே” என்றான். “வாரேன்” என்று சொல்லிப் போய்விட்டான்.

6

அந்த வாரம் முழுதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நேரத்தை நான் மாற்றாமல் இருந்திருந்தால் வெயிலில் ஆடியிருப்பான், மழை இல்லை, சேறு இல்லை. வள்ளியிடம் சொன்னேன். “உங்களுக்கு நம்பிக்கை கிடையாதுன்னுதானே நேரம் பாக்குற வேலைய நான் உங்ககிட்ட விடுறதே இல்ல” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை முகாமுக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. வீரையாவின் பெயர் இருந்தது. மூன்று முறை படித்தேன். தோட்டத்தின் பெயரைத்தான் போடவில்லை, ஈப்போ என்று போட்டிருந்தார்கள். சிம்பாங் பூலாய்க்குக் காரை விரட்டினேன். அவன் கம்பத்தின் உச்சியில் இருந்தான். கீழேயிருந்து பத்திரிகையை ஆட்டிக் கத்தினேன். “கையெடுத்தா விழுந்துருவேன், படிச்சுச் சொல்லுங்கண்ணே!” என்றான். படித்தேன். அவன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றான். இறங்கி வர நெடுநேரம் ஆயிற்று.

ஈப்போவுக்குத் திரும்பும்போது என் மனம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அவ்வளவு மோசமாக ஆடியும் தேர்வாகியிருக்கிறான் என்றால் பரஸ்தானம் பலித்துவிட்டது. மல்லாந்து விழுந்தாலும் நல்ல நேரத்தில் விழுந்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி, தகரப் பெட்டி விஷயத்தில் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்தப் பூரிப்போடு ரசாலியின் அலுவலகத்துக்குள் நுழைந்து, “பார்த்தீர்களா!” என்றேன்.

அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“அவனப் போன மாசமே ஈப்போவுல பாத்துட்டாங்கலா. யாருக்கும் சொல்லாம வந்து, நம்ம சனத்தோட புல்லுல உக்காந்து பாத்தாங்க. இவனுக்குத் தெரியாது, அதான் அன்னிக்கு நல்லா ஆடுனான். தைப்பிங்குக்கு வந்தது கடைசியா ஒரு தடவ சரிபாக்கத்தான். மழையில உள்ள போயி மீ கோரேங் சாப்புட்டாங்க, ஒண்ணும் பாக்கல.” பக்கத்தைப் புரட்டினார். “நீ ஆறு மணிக்கு வெச்சது நல்லதாப் போச்சு செட்டியாரே. அஞ்சு மணிக்கு வெச்சிருந்தா, அவன் ஆடுனதப் பாத்திருப்பாங்க.”